மூடிவைத்த தட்டு

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை மாலை லெசியேலி கேட்டதற்கு, தம்பி மனைவி பிசிலா ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

"சரி அண்ணி."

கடை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பச்சைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கை நிற்கவில்லை. முகம் நிமிரவில்லை. பெற்ற மகளைக் கொடு என்று நாத்தனார் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் உப்பு கொடு என்று கேட்டதுபோல் அதற்கு ஒரு 'சரி'.

லெசியேலிக்கு அது பிடிக்கவில்லை. அழுவாள், கெஞ்சுவாள், குறைந்தபட்சம் "எதுக்கு அண்ணி" என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. தீவு நாடான டோங்காவிலிருந்து வந்த இவர்கள் வீட்டில் அப்பாவைவிட உயர்ந்தவள் அப்பாவின் அக்கா. ஆகஸ்டில் தம்பி விலிசோனியின் மூத்த மகன் கல்யாணத்துக்கு அவள் தன் ஊரான டோகொரோவாவிலிருந்து ஆக்லாந்து நகரத்துக்கு வந்தபோது, மண்டபத்தில் எல்லோருக்கும் மேலான இடத்தில் அவளைத்தான் உட்கார வைத்தார்கள். கேக்கின் மேலடுக்கு அவளுக்கு. விரித்த பாய்களில் மிக நல்லது அவளுக்கு. அவள் ஊர் திரும்புவதற்குள் தொற்றுநோய் வந்து ஆக்லாந்தைப் பூட்டிவிட்டார்கள். நகரத்து எல்லையில் போலீஸ் நின்றது. அன்றிலிருந்து நகரத்தின் மாங்கெரேப் பகுதியில் தம்பி வீட்டின் பின்புறத்து மர அறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடங்கள் மூடியதும் அன்றுதான்.

போன வாரம் அவளுக்கு ஊர் திரும்ப அனுமதி வந்தது. அவள் ஒருத்திக்கு அல்ல, இருவருக்கு. தனக்கும் தம்பி மகள் தோவாவுக்கும் சேர்த்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கேட்டு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை காலை கிளம்ப வேண்டும்.

நடுவில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

*

ஞாயிறு ஆராதனை கூடத்து டிவியில் நடந்தது. நடுவில் போதகரின் முகம், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் சபையார். லெசியேலி ஆராதனைக்கான மரியாதை உடுப்பாக இடுப்பில் பாய் கட்டி, எண்ணெய் தடவிய கொண்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே தொழுகிறோம் என்பதற்காக வீட்டு உடுப்போடு வந்து உட்கார்ந்தவர்கள் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

விலிசோனி கூடத்தில் இல்லை. இருக்கவும் கூடாது. அக்காவும் தம்பியும் வளர்ந்துவிட்டால் ஓர் அறையில் சேர்ந்து உட்காருவதில்லை. கேலி பேசுவதில்லை. ஒருவர் முன் ஒருவர் சாப்பிடுவதில்லை. மரியாதை அது. ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவன், வாசலில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து அதே பிரசங்கத்தைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வருகிற ஓசை கேட்டால் தலை குனிந்து அடுத்த வாசல் வழியாகப் போய்விடுவான். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் பிசிலா வழியாகத்தான் வரும்.

அந்த 'பிசிலா வழியாக' என்பதுதான் லெசியேலியின் நெஞ்சில் முள். கூடப் பிறந்தவன் என்ன நினைக்கிறான் என்பதை எங்கிருந்தோ வந்த ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாம் பாட்டு பாதியில் இருக்கும்போது தோவா வந்தாள். தலை வாரவில்லை. மேல்சட்டையின் தொப்பி ஒரு கண்ணை மறைத்திருந்தது.

"கர்த்தர் உனக்காகக் காலையிலேயே எழுந்திரிச்சுக் காத்துக்கிட்டிருக்காரு," என்றாள் லெசியேலி, திரும்பிப் பார்க்காமலே.

"அவரு தூங்கறதே இல்லன்னு போதகர் சொன்னாரே அத்தை."

பிசிலா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முழுசாக அடங்கவில்லை. பெண் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் தலை சாய்த்தது. பிசிலாவின் விரல்கள் அந்தத் தலைமுடிக்குள் போய்ச் சிக்கெடுக்கத் தொடங்கின. கண் டிவியிலேயே இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூச்சு விடுவதுபோல.

லெசியேலியால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் போய்ப் பல வருஷமாகிறது. டோகொரோவாவில் மூன்று அறை வீடு, துடைத்து வைத்தபடி காலியாகக் கிடக்கிறது. தலையில் இருக்கும் மரியாதையை எல்லோரும் பார்க்கிறார்கள். மடியில் சாய ஒரு தலை இல்லை என்பதை யார் பார்க்கிறார்கள்?

*

பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் தோவா வேறு மாதிரிப் பெண்ணாம். காலையில் எழுந்து ஓடுவாளாம். பள்ளியில் போடும் காலைச் சாப்பாட்டைத் தோழிகளோடு சாப்பிடுவாளாம். மதியம் ஒரு பொட்டலத்தை ஐந்து கைகள் பிய்த்துத் தின்னுமாம். மாலை வலைப்பந்து ஆடிவிட்டு வந்தால் அடுப்பில் இருப்பதை என்ன ஏது என்று கேட்காமல் வழித்துச் சாப்பிடுவாளாம். இதுவும் பிசிலா சொல்லித் தெரிந்ததுதான்.

லெசியேலி பார்த்த தோவா நடுப்பகல்வரை தூங்கினாள். எழுந்தால் மடிக்கணினி. வகுப்பில் பேர் மட்டும் இருக்கும், முகம் இருக்காது. வகுப்பு முடிந்ததும் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தைக் கையாலேயே நசுக்கி, உள்ளே மசாலாத்தூளைக் கொட்டிக் குலுக்கி, வேக வைக்காமல் அப்படியே கொறிப்பாள். எதிரே திரையில் நான்கு தோழிகள், அவரவர் வீட்டில், அவரவர் பொட்டலத்தோடு. ஒருத்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பாள். ஐந்து வாயும் ஒரே நேரத்தில் கடிக்கும். அந்த நொறுக்குச் சத்தத்துக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தேங்காய்ப்பால் பிழிந்து, சேப்ப இலையில் கறி பொதிந்து, காலையெல்லாம் அடுப்படியில் நின்று செய்த சமையலுக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. சில நாள் சாயங்காலம் பிசிலா கடை வேலை முடிந்து வரும்போது சூடாக ஒரு கோழி வாங்கி வருவாள். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டாள். அம்மாவும் பெண்ணும் வண்டியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஆவி படிய, கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். மர அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு தலைகளின் நிழல்தான் தெரியும். அந்த நிழல்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு லெசியேலி நின்றிருக்கிறாள். நின்ற நேரம் தெரியாமல் நின்றிருக்கிறாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் ஜெயித்திருந்தாள். தம்பியின் தட்டு.

நீல விளிம்பு வைத்த பெரிய தட்டு, விலிசோனிக்கு மட்டும். தன் கையாலேயே அதில் பரிமாறி, மூடி, சூடு ஆறாமல் வைப்பாள். அவன் பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். தட்டைத் திரும்ப எடுத்து வருவது தோவாவின் வேலை. ஒருநாள்கூட அதில் ஒரு துணுக்கு மீந்து வந்ததில்லை. பேச்சு இல்லாத இடத்தில் அந்தக் காலித் தட்டு அவளிடம் பேசியது.

"என் தம்பி நாக்கு இன்னும் எங்கம்மா வீட்டு நாக்குதான்," என்று அதைக் கழுவும்போதெல்லாம் பிசிலா காதில் விழச் சொல்வாள். பிசிலா ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த மௌனமும் லெசியேலிக்கு இனித்தது.

*

ஆராதனை முடிந்து மூன்று பெண்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலைப் பொட்டலங்களைப் பிரித்ததும் தேங்காய்ப்பாலும் கறியும் வெந்த வாசனை எழுந்தது. சீவி வேக வைத்த கிழங்கு ஒரு தட்டு நிறைய. தம்பியின் தட்டு முன்பே பின்வாசலுக்குப் போய்விட்டது.

"நாளைக்குக் காலைல நாம கிளம்பறோம் தோவா."

"அம்மா சொன்னா."

"என்ன சொன்னா?"

"அத்தை கேட்டாங்க, அப்பா சரின்னுட்டாரு. அவ்வளவுதான் சொன்னா."

"அழுதாளா?"

"அண்ணி, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றாள் பிசிலா.

லெசியேலி அதைக் கேட்காதவள்போல் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெண்ணின் தட்டில் வைத்தாள். மேலே கிழங்கு மூன்று துண்டு.

"சாப்பிடு. வண்டிக்குள்ள ஒளிஞ்சு திங்கற கோழி இல்ல இது. உங்கம்மாவுக்கு இலை மடிக்கத் தெரியாது, பாவம், அவங்க வீட்டுல பழக்கமில்ல. என்கிட்ட வந்துட்டா ஒரு மாசத்துல ஒடம்பு தேறிடும். முதுக நிமித்து. இன்னும் எடுத்துக்க."

"பசிக்கல அத்தை."

"எழுந்து ஒரு மணி நேரந்தான் ஆச்சு. எப்படிப் பசிக்கும்? பொண்ண எழுப்பற நேரத்துல எழுப்பியிருந்தா பசிச்சிருக்கும்."

பிசிலா தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். தோவா கிழங்கின் ஒரு முனையைக் கிள்ளி வாயில் போட்டாள், அத்தையின் கண் அந்தக் கையோடு போய் வாய்வரை தொடர்ந்தது. அடுத்த வாய் எடுக்கவில்லை.

"போய்க்கட்டுமா?"

"போ," என்றாள் பிசிலா.

அத்தை இருக்கும்போது அந்த 'போ'வை யார் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. லெசியேலி பெண்ணின் தட்டை இழுத்து மூடிவைத்தாள். சிறிது நேரத்தில் தோவா பின்வாசல் பக்கம் போய்க் காலித் தட்டைக் கொண்டுவந்து தொட்டியில் போடுவாள். அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

பெட்டியில் துணி அடுக்கும்போதுதான் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. துவைக்கப் போட்டிருந்தாள். புல்வெளியைக் கடந்து, வீட்டின் ஓரத்தில் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும் துவைக்கும் அறைக் கதவைத் திறந்தாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூடிமேல் நீல விளிம்புத் தட்டு. எதிரில் நின்றபடி தோவா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சும்மா கொறிக்கவில்லை. நல்ல பசியோடு சாப்பிட்டாள். பாதி கடித்த கிழங்கை இலைக்கறியில் புரட்டி வாயில் போட்டு, விரலை நக்கி, அடுத்த துண்டை எடுத்தாள். கிழங்கில் இருந்த பல் தடம் அவளுடையது அல்ல. அகலமான தடம்.

தகப்பன் வாய் வைத்து மீந்ததைப் பிள்ளைகள் தின்பதில்லை. அவன் தலையைத் தொடுவதில்லை, கோப்பையில் குடிப்பதில்லை, அவன் மிச்சத்துக்குக் கை நீட்டுவதில்லை. எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை. அப்படிச் செய்யும் பிள்ளை எந்த வீட்டில் வளர்ந்தது என்றுதான் ஊர் கேட்கும்.

"அது யாரு தட்டு?"

தோவாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு அழகில்லை, ஆனாலும் உண்மை. லெசியேலிக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. சந்தோஷம். கடைசியில் கையில் ஒன்று கிடைத்துவிட்டது. அந்த அமைதிக்காரியின் வளர்ப்பு இதுதான் என்று காட்ட ஒன்று கிடைத்துவிட்டது.

"பிசிலா," என்று குரல் கொடுத்தாள். "கொஞ்சம் இப்படி வா. வந்து பாரு."

பிசிலா ஈரக் கையோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. அவளுக்கும் இது தெரியாது என்பதை லெசியேலி கவனித்தாள். அதுவும் இனித்தது.

"அப்பன் எச்சியத் திங்குது உன் பொண்ணு. பள்ளிக்கூடம் இல்ல, நேரம் இல்ல, காலம் இல்ல, யாரு தட்டு யாருதுன்னு கூட இல்லாமப் போச்சு இந்த வீட்டுல. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறதுல ஏதாவது தப்பிருக்கா, இப்ப சொல்லு."

"தோவா," என்றாள் பிசிலா. "எத்தனை நாளா இது?"

"அத்தை சமைக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நாளு கழிச்சு."

"எதுக்குடி? உனக்குத்தான் தனியா வச்சிருக்கே."

பெண் அத்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் மூடியைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா பாதிதான் சாப்பிடுவாரு. சில நாள் அதுகூட இல்ல. மிச்சத்த அத்தை பாக்காமக் குப்பையில போட்டுட்டு, காலித் தட்டத் தொட்டியில போட்டுடுன்னு சொன்னாரு."

லெசியேலிக்குச் சொற்கள் புரிந்தன. அர்த்தம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என் தம்பி மிச்சம் வைக்கறானா?"

தோவா அம்மாவைப் பார்த்தாள்.

"பிசிலா. உன்னத்தான் கேக்கறேன்."

"அவருக்குச் சக்கரை அண்ணி. பையன் கல்யாணத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. தேங்காப்பாலு, டின் கறி, கிழங்கு எல்லாத்தையும் குறைக்கணும்னு. கால்ல ஒரு புண்ணு ஆறவே இல்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அக்கா கையால போட்டத வேணாம்னு சொல்ற வாய் எனக்கு இல்லன்னாரு."

"உன்கிட்ட மட்டும் சொல்லுவான்."

"பொண்டாட்டிகிட்டச் சொல்லாம?"

பிசிலா இதுவரை அந்த மாதிரிக் குரலில் பேசி லெசியேலி கேட்டதில்லை. கையைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்றேன் அண்ணி. நேத்து நீங்க கேட்டப்ப நான் சண்டை போடலன்னு உங்களுக்கு வருத்தம். எனக்குத் தெரியும். எதுக்குச் சண்டை போடறது? என் சமையல வேணாம்னு சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. உப்பு ஜாஸ்தி, சோறு குழைஞ்சு போச்சு, தள்ளி வச்சுட்டுப் போயிடுவாரு. உங்க சோத்த வேணாம்னு சொல்ல இத்தனை நாளா வாய் வரல. காலே அழுகினாலும் அக்கா மனசு நோகக் கூடாது. என்னைக்காவது எனக்காக அப்படிப் பயந்திருக்காரா? உங்க மேல எனக்கு எவ்வளவு எரிச்சல்னு உங்களுக்குத் தெரியாது."

லெசியேலி அதைக் கேட்டுக்கொண்டாள். இன்னொருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆறுதலாக இல்லை. அந்தக் காலித் தட்டு ஒவ்வொன்றையும் பிசிலா காதில் விழக் கழுவியது நினைவுக்கு வந்தது. உண்மை தெரிந்தும் அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாளே, அதுவும்.

பெண்ணிடம் திரும்பினாள்.

"அப்பா குப்பையில போடச் சொன்னாருல்ல? போட வேண்டியதுதானே?"

"எப்படி அத்தை போடறது? நீங்க காலையிலேருந்து நின்னு செய்யறீங்க." தோவா சட்டைத் தொப்பியின் கயிற்றைத் திருகினாள். "முதல் நாள் போடத்தான் போனேன். பசிச்சுது. நல்லாவும் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா உன் தட்டுல வச்சப்ப ஏன் திங்கல? என் கண்ணு முன்னால ஒரு வாய் திங்க என்ன கஷ்டம்?"

பெண் பதில் சொல்ல யோசித்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"என் தட்டுல நீங்க கறியோட அம்மாவையும் சேத்து வச்சுக் குடுக்கறீங்க. அத எப்படித் திங்கறது?"

இயந்திரம் பிழியத் தொடங்கி உதறியது. மூடிமேல் இருந்த தட்டு நடுங்கி நகர்ந்தது. பிசிலா கையை நீட்டி அது விழாமல் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், விலிசோனி படுத்திருக்கும் அறையில், கட்டில் கிரீச்சிட்டது. அவன் தூங்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்.

லெசியேலி வெள்ளைச் சட்டையை எடுக்காமலே வெளியே வந்தாள்.

*

மர அறையில் பெட்டி திறந்தபடி கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஊட்டி ஊட்டித் தம்பிக்கு நோயை வளர்த்திருக்கிறோம் என்ற நினைப்பு முதலில் வந்தது. அது அடங்கியதும் பழைய முள் திரும்பிக் குத்தியது. அவன் காலில் ஒரு புண் இருக்கிறது. எந்தக் காலில் என்றுகூடத் தனக்குத் தெரியாது. அதைப் பார்த்து, கழுவி, மருந்து வைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். சிறுவயதில் அவன் முழங்காலில் அடிபட்டால் மண்ணைத் துடைத்துவிட்டது யார்? அந்த இடத்திலும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் வேலிமேல் சாய்ந்திருந்தபோது வெளியே காலடி கேட்டது. கனமான, ஒரு காலை இழுத்துப் போடுகிற நடை.

கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பை. இரண்டடி தள்ளி, வேலை உடுப்பில், முதுகைக் காட்டியபடி விலிசோனி நின்றிருந்தான். தலை குனிந்திருந்தது.

"புள்ளையோட சாமானெல்லாம் இதுல இருக்குக்கா," என்றான்.

நேராக அவளிடம் அவன் பேசி எத்தனை வருஷம் இருக்கும் என்று அவளுக்கு நினைவில்லை. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் வீட்டைச் சுற்றி வாசல் பக்கம் போய்விட்டான். இடது கால். அதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

பையைத் திறந்தாள். வலைப்பந்துக் காலணி, சட்டைகள், மடிக்கணினியின் கம்பி சுருட்டி ரப்பர் போட்டு. ஒவ்வொரு துணியும் ஒரே அளவில், ஓரம் ஓரத்தோடு சேர மடித்திருந்தது. பிசிலாவின் கடை மடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நூடுல்ஸ் பொட்டலங்கள் வரிசையாக, வழியில் பெண்ணுக்குப் பசிக்குமே என்று.

கொடுக்கிறபோதும் இதில் அவள் கைதான் இருந்தது.

லெசியேலி நெடுநேரம் யோசித்தாள். வேண்டாம், பெண் இங்கேயே இருக்கட்டும் என்று பையைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் தம்பி தலை குனிந்து கொடுத்ததை அக்கா வேண்டாம் என்றால், அவன் முகத்தில் எறிந்ததுபோல. வாங்கிக்கொண்டு போகலாம். போனால், மூன்று அறை வீட்டில், தன்னைப் பார்த்தால் பசி போய்விடுகிற ஒரு பெண்.

பிறகு ஒரு வழி தோன்றியது. யாருக்கும் குறைவு வராத வழி. அதன் அழகில் அவளுக்கே திருப்தி உண்டாயிற்று. கொண்டையைச் சரி செய்தாள். இடுப்புப் பாயை இழுத்துக் கட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்தாள்.

அடுக்களை வாசலில் பிசிலா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். படியில் தோவா.

"பிசிலா, இவள என் தம்பி எனக்குக் குடுத்துட்டான். நான் வாங்கிக்கிட்டேன். இனிமே இவ என் பொண்ணு." லெசியேலி மூச்சு எடுத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடம் இங்கதான் திறக்கப் போறாங்க. இவளோட கூட்டாளிங்க இங்க இருக்காங்க. அதனால என் பொண்ண உன்கிட்ட விட்டுட்டுப் போறேன். நான் கேக்கறவரைக்கும் பத்திரமா வச்சுக்க."

பையை நீட்டினாள்.

பிசிலா அழுதுகொண்டே வாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள். கை தொட்டு முத்தமிடுவாள் என்றுகூட. பிசிலா துடைத்த பாத்திரத்தை அதன் இடத்தில் வைத்தாள். துண்டைத் தோளில் போட்டாள். கை நீளவில்லை.

"நான் பெத்த பொண்ணு எனக்கே இரவலா அண்ணி?"

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் பேசறேன். கூட்டிட்டுப் போகணும்னா கூட்டிட்டுப் போங்க. நேத்தே சரின்னுட்டேன், பேச்சு மாற மாட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கால்ல விழுந்து கும்பிடறேன். ஆனா இரவல் மட்டும் வாங்க மாட்டேன். நீங்க எப்ப வந்து கேப்பீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டு என்னால அவளுக்குச் சோறு போட முடியாது."

பை கனத்தது. நீட்டிய கையை மடக்கவும் லெசியேலிக்கு மனம் வரவில்லை. இரண்டு பெண்களும் நேருக்கு நேர் நின்றார்கள். இத்தனை நாளில் அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"யாராவது என்னக் கேட்டீங்களா?" என்றாள் தோவா.

சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்து, அத்தையின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுக்களைக்குள் போகவில்லை. மர அறைப் பக்கமும் திரும்பவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். அங்கே இரவு வேலைக்குக் கிளம்ப வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான் விலிசோனி.

"தோவா," என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கூப்பிட்டன.

பெண் வண்டியின் முன்கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது. விலிசோனி திரும்பிப் பார்த்தான். அவள் ஏதோ கேட்டாள். அவன் வண்டியைக் கிளப்பவிருந்த கையை எடுத்துவிட்டான்.

பின்னாலேயே வாசல்வரை வந்துவிட்ட லெசியேலியும் பிசிலாவும் அருகருகே நின்றார்கள். வண்டியின் கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. அப்பாவும் பெண்ணும் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்கள் இருவருக்குமே கேட்கவில்லை.